ஒரு பெண்பன்றியும் இரண்டு அவைகளும்: பாஸ்டன், 1636–1644

## எந்த வழக்கு, எப்படிப் படிக்கிறேன்

1642இல், வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தின் உச்ச அவையான பொது மன்றம், ஏறக்குறைய ஏழு நாள் ஒரே ஒரு வழக்கைக் கேட்டது. காணாமல் போன ஒரு பெண்பன்றி யாருடையது என்பதுதான் வழக்கு. ஏழு நாள் கேட்டும் தீர்ப்பு வரவில்லை. ஆனால் அந்த வழக்கு கிளப்பிய சச்சரவு ஓய்வதற்குள், 1644இல், பொது மன்றமே இரண்டு அவைகளாகப் பிரிந்துவிட்டது.

இதை அமெரிக்க அரசியல் அமைப்பு வளர்ந்த கதையில் ஒரு சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டுப் போவதுண்டு. எனக்கு அது போதவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த விரும்பிய பியூரிட்டன்களின் சமூகத்தில் திருச்சபையும் ஆட்சியும் சட்டப்படி எங்கே பிரிந்திருந்தன, மனிதர் மனத்தில் எங்கே ஒட்டிக்கிடந்தன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வழக்கு வேறொன்றை நான் படித்ததில்லை. ஒருவர்மேல் சபை சொன்ன குற்றம், அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு வழக்கில் அவருக்கு எதிராக நின்றது. அதைத்தான் இங்கே தொடக்கத்திலிருந்து பார்க்கப் போகிறோம்.

வழக்கின் தரப்பினரை வணிகர், மனுதாரப் பெண், அவர் வீட்டில் தங்கியிருந்த இளைஞர் என்றே குறிப்பிடுகிறேன். ஆட்சியிலும் சபையிலும் பொறுப்பில் இருந்த சிலரை மட்டும் பெயர் சொல்கிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த வழக்கைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விவரத்தில் பெரும்பகுதி ஆளுநர் ஜான் வின்த்ரோப்பின் நாட்குறிப்பிலிருந்து வருகிறது. அவர் வெறும் பார்வையாளர் அல்ல, வணிகர் பக்கம் நின்ற மாஜிஸ்திரேட்டுகளில் ஒருவர். அந்த இளைஞரைப் பற்றி அவர் எழுதியிருப்பதை எல்லாம் இதை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

## பின்னணி: சபை, ஆட்சி, வாக்கு

மாசசூசெட்ஸ் ஆட்சி ஒரு வணிகக் கம்பெனியின் சாசனத்தில் பிறந்தது. 1629இல் அரசர் முதலாம் சார்லஸ் வழங்கிய அந்தச் சாசனப்படி கம்பெனிக்கு ஓர் ஆளுநர், ஒரு துணை ஆளுநர், சில உதவியாளர்கள் இருப்பார்கள். பங்குதாரர்கள் ஆண்டுக்கு நான்கு முறை 'பொது மன்றம்' என்ற பெயரில் கூடுவார்கள். 1630இல் வின்த்ரோப்பும் அவரோடு வந்தவர்களும் சாசனத்தையும் கையோடு கடல் கடந்து கொண்டுவந்துவிட்டார்கள். லண்டனில் நடந்திருக்க வேண்டிய கம்பெனிக் கூட்டம், பாஸ்டனில் சட்டமன்றமாகவும் உச்ச நீதிமன்றமாகவும் ஆனது. உதவியாளர்கள் மாஜிஸ்திரேட்டுகள் ஆனார்கள்.

வாக்குரிமைக்கு அவர்கள் வைத்த அளவுகோல்தான் புதியது. நிலமோ பணமோ அங்கே கணக்கில் வரவில்லை. 1631 முதல், திருச்சபை உறுப்பினரான ஆண்களுக்கு மட்டுமே 'சுதந்திரர்' என்ற தகுதி கிடைத்தது. ஆளுநரையும் மாஜிஸ்திரேட்டுகளையும் தேர்ந்தெடுப்பவர்கள் அவர்கள்தான். சபையில் சேர நல்ல நடத்தை மட்டும் போதாது. கடவுளின் கிருபை தன் உள்ளத்தில் எப்படி வேலை செய்தது என்பதைச் சபையார் முன் எடுத்துச் சொல்லி, அவர்கள் அதை ஏற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஊரார் எல்லோரும் வர வேண்டும், ஆனால் உறுப்பினர் ஆகிறவர்கள் அவர்களில் ஒரு பகுதியினர்தான்.

இதனால் அதைப் 'போதகர்கள் ஆட்சி' என்று சொல்லிவிடுவது வழக்கம். அது சரியல்ல. போதகர்கள் அரசுப் பதவி வகிக்கவில்லை. சபையால் கண்டிக்க முடியும், விலக்கி வைக்க முடியும். அபராதம் போடவோ சிறையில் வைக்கவோ முடியாது. 1641 டிசம்பரில் பொது மன்றம் ஏற்ற 'உரிமைகளின் தொகுப்பு' இதை எழுத்திலேயே வைத்தது: சபை ஒருவரைக் கண்டித்தாலும் அதனால் அவருடைய அரசுப் பதவி பறிபோகாது. அந்தத் தொகுப்பை வரைந்தவர் நத்தானியேல் வார்ட், அவரே ஒரு போதகர். கோடு தெளிவாகவே போடப்பட்டிருந்தது.

இன்னொரு இழுபறியும் இருந்தது. 1634 முதல் ஒவ்வோர் ஊரும் தன் பிரதிநிதிகளைப் பொது மன்றத்துக்கு அனுப்பியது. மாஜிஸ்திரேட்டுகளும் பிரதிநிதிகளும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். யார் வாக்கு பெரிது? அதே 1634இல் நியூடவுன் மக்கள் கனெக்டிகட் பக்கம் குடிபெயர அனுமதி கேட்டபோது, பிரதிநிதிகளில் பெரும்பாலோர் சரி என்றார்கள், மாஜிஸ்திரேட்டுகளில் பெரும்பாலோர் முடியாது என்றார்கள். அப்புறம் ஒரு விதி உறுதியானது: எந்த முடிவானாலும் மாஜிஸ்திரேட்டுகளில் பெரும்பான்மையும் வேண்டும், பிரதிநிதிகளில் பெரும்பான்மையும் வேண்டும். மாஜிஸ்திரேட்டுகள் எண்ணிக்கையில் குறைவு. ஆகவே இந்த விதி அவர்கள் கையில் ஒரு மறுப்புரிமையாக ஆனது. பன்றி வரும்வரை அதைப் பற்றி ஊரில் பெரிய சண்டை எழவில்லை.

## 1636: அலைந்து வந்த பன்றி

அக்காலப் பாஸ்டனில் பன்றிகள் அவிழ்த்துவிடப்பட்டுத் திரிந்து மேய்ந்தன. காதில் வெட்டிய அடையாளத்தைப் பார்த்துத்தான் எது யாருடையது என்று சொல்வார்கள். உரியவர் இல்லாமல் அலையும் விலங்கைப் பிடித்தவர், ஊரறியக் கூவி அறிவிக்க வேண்டும்.

1636இல் அப்படி அலைந்துவந்த ஒரு பெண்பன்றி வணிகரிடம் கொண்டுவரப்பட்டது. அவர் பலமுறை அறிவித்தார். பலர் வந்து பார்த்தார்கள். ஏறக்குறைய ஓராண்டு வரை யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. வணிகர் அதைத் தன் சொந்தப் பன்றி ஒன்றோடு சேர்த்துக் கொல்லையில் வைத்திருந்தார்.

பிறகுதான் அந்தப் பெண் வந்தார். கணவர் அப்போது இங்கிலாந்தில் இருந்தார். அந்தப் பெண்ணும் ஒரு பன்றியைத் தொலைத்திருந்தார். அவர் நேரில் வந்து பார்ப்பதற்குள் வணிகர் தன் சொந்தப் பன்றியை வெட்டிவிட்டிருந்தார். அலைந்துவந்த பன்றியைக் காட்டியபோது, அதன் அடையாளங்கள் அந்தப் பெண் சொன்ன அடையாளங்களோடு பொருந்தவில்லை. அப்படியானால் வெட்டப்பட்டதுதான் என் பன்றி என்று அவர் சொல்லத் தொடங்கினார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தப் பெண் பொய் சொன்னார் என்று நினைக்க எந்தத் தேவையும் இல்லை. கணவர் அருகில் இல்லாத ஒரு வீட்டுக்கு ஒரு பெண்பன்றி என்பது பல மாத உணவு, பின்னால் பிறக்கப்போகும் குட்டிகள். அது போய்விட்டது. ஊரில் வசதியானவர் ஒருவரின் கொல்லையில் இரண்டு நின்றன, ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. இல்லாததைப் பற்றிச் சந்தேகம் வருவது இயல்பு. அதே நேரம் வணிகர் செய்தவற்றில், நாட்குறிப்பில் உள்ளபடி, விதிக்கு மாறான எதுவும் தெரியவில்லை.

## சபை கேட்டது, கீழ் நீதிமன்றம் கேட்டது

பேச்சு ஊரெங்கும் பரவியதும் விஷயம் முதலில் போனது நீதிமன்றத்துக்கு அல்ல, சபை மூப்பர்களிடம். ஓர் உறுப்பினர்மேல் திருட்டுப் பழி விழுந்தால் அது சபையின் உடன்படிக்கைக்கே வந்த காயம் என்பது அவர்கள் பார்வை. மூப்பர்கள் பல சாட்சிகளை விசாரித்து, வணிகர்மேல் குற்றமில்லை என்றார்கள்.

ஆனால் பாஸ்டன் சபையின் இரண்டு போதகர்களில் ஒருவர், வணிகரின் மனைவியுடைய சகோதரியை மணந்தவர். சபையின் முடிவில் இந்த உறவு புகுந்து வேலை செய்தது என்பதற்கு ஆதாரம் கிடையாது. இருந்தாலும் தோற்றுப்போன அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று பார்த்தால், சகலை உட்கார்ந்திருக்கும் இடத்தில் நியாயம் கேட்டேன் என்றுதான் தோன்றியிருக்கும்.

அடுத்து வருகிறவர் அந்த இளைஞர். அவரும் லண்டனிலிருந்து வந்த ஒரு வணிகர்தான், அந்தப் பெண்ணின் வீட்டில் தங்கியிருந்தார். கணவர் ஊரில் இல்லாதபோது ஒரே கூரையின்கீழ் இருவர் இருப்பது அந்தச் சமூகத்தில் விசாரணைக்குரிய விஷயம். விசாரணையும் நடந்தது. ஆளுநரிடம் அந்தப் புகாரைக் கொடுத்தவர் நம் வணிகர். அதற்குப் பழிவாங்கத்தான் இளைஞர் அந்தப் பெண்ணை வழக்குக்குத் தூண்டினார் என்கிறார் வின்த்ரோப். தூண்டியிருக்கலாம். அதற்காக அந்தப் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு குறை இல்லை என்று ஆகிவிடாது.

பாஸ்டனின் கீழ் நீதிமன்றத்தில் முழு விசாரணை நடந்தது. ஜூரிகள் வணிகரை மறுபடியும் விடுவித்து, அவருடைய செலவுக்காக 3 பவுண்டு கொடுக்கச் சொன்னார்கள். அவர் அதோடு நிற்கவில்லை. தன்னைத் திருடன் என்று ஊரெல்லாம் சொன்னதற்காக இளைஞர்மேலும் அந்தப் பெண்மேலும் அவதூறு வழக்குப் போட்டு 20 பவுண்டு நட்டஈட்டுக்குத் தீர்ப்புப் பெற்றார். சட்டப்படி அது அவர் உரிமை. இந்த வழக்கு முழுவதிலும் வணிகர் எடுத்த மிக மோசமான முடிவு இதுதான் என்பது என் எண்ணம். ஜெயித்த பிறகு, பன்றியைப் பறிகொடுத்த ஒரு வீட்டின்மேல் 20 பவுண்டுச் சுமையை ஏற்றினார். 'இரக்கமற்றவர்' என்ற பேச்சுக்கு ஊராருக்கு அதன்பின் வேறு சாட்சி தேவைப்படவில்லை.

## 1639: ஆணி விலையும் கண்ணீரும்

அந்தப் பேச்சு ஏற்கெனவே ஊரில் இருந்தது. அதற்குக் காரணமான இன்னொரு விவகாரத்தைத் தெரிந்துகொள்ளாமல் 1642ஐப் புரிந்துகொள்ள முடியாது.

வணிகர் 1635இல் கணிசமான சொத்தோடு பாஸ்டனுக்கு வந்தவர். பக்திமான். பிரசங்கங்களைக் கேட்டுக் குறிப்பேட்டில் விரிவாக எழுதி வைக்கும் பழக்கம் உடையவர். ஊரின் பீரங்கிப் படைக் குழுவை 1638இல் நிறுவியவர்களில் முதன்மையானவர். இங்கிலாந்திலிருந்து சரக்கு இறக்கி விற்றார். 1639இல் அவர்மேல், ஆணி உள்ளிட்ட சரக்குகளில் அதிக லாபம் வைத்தார் என்ற குற்றச்சாட்டு பொது மன்றத்துக்கு வந்தது. ஒரு ஷில்லிங் முதலுக்கு ஆறு பென்ஸுக்குமேல் லாபம், சில பொருள்களில் எட்டு பென்ஸுக்குமேல், சில சிறுபொருள்களில் ஒன்றுக்கு இரண்டுக்குமேல் என்று கணக்குச் சொன்னார்கள். ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்பதால், பாதிக்குப் பாதி லாபம் என்பதுதான் குற்றத்தின் தொடக்க அளவு. மன்றம் 200 பவுண்டு அபராதம் விதித்து, பிறகு அதைக் குறைத்தது. இவ்வளவுதான் லாபம் வைக்கலாம் என்று வரம்பு கட்டிய சட்டம் அப்போது நடைமுறையில் இல்லை. மற்றவர்களும் அதே விலைக்குத்தான் விற்றார்கள் என்பதை வின்த்ரோப்பே குறிப்பிடுகிறார். இவர் பக்தியுள்ளவர், செல்வர், மனச்சாட்சிக்காகக் கடல் தாண்டி வந்தவர், முன்பே எச்சரிக்கப்பட்டவர். ஆகவே இவர் செய்ததுதான் அதிகம் உறுத்தியது.

நீதிமன்றத்துக்குப் பின் சபை. அங்கே அவர் தன் பேராசையைக் கண்ணீரோடு ஒப்புக்கொண்டார். தவறான சில கொள்கைகளால் வழிதவறினேன் என்றும் சொன்னார்: ஒரு சரக்கில் நட்டம் வந்தால் இன்னொன்றின் விலையில் ஈடுகட்டலாம் என்பது அவற்றில் ஒன்று. அடுத்த கூட்ட நாளில் போதகர் ஜான் காட்டன் அந்தக் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். தன் திறமைக்குறைவால் வந்த நட்டத்தை வாங்குபவர்மேல் ஏற்றக் கூடாது. சரக்கு கடலில் போனால் அது கடவுள் தன்மேல் அனுப்பிய இழப்பு, அதையும் பிறர் தலையில் கட்டக் கூடாது. ஆனால் சரக்கே அரிதாகிவிட்டால் விலை ஏறலாம், ஏனென்றால் அப்போது கடவுளின் கை மனிதர்மேல் இல்லை, சரக்கின்மேல் இருக்கிறது. இந்தக் கடைசிப் பகுப்பு எனக்கு மிகவும் பிடித்தது. சந்தை விலையைக்கூட யாருக்கு நேர்ந்த சோதனை என்று கேட்டுத்தான் அவர்களால் எடைபோட முடிந்தது.

சபை நீக்கம் வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். கடைசியில் சபைக் கண்டிப்போடு முடிந்தது. வணிகர் தன் மனத்தில் அதை ஒருபோதும் ஏற்கவில்லை என்பது பிற்பாடு அவருடைய உயிலில் தெரிந்தது.

## விலை வீழ்ச்சி, சேலத்தில் மாறிய சாட்சி

1640ஐ ஒட்டி இங்கிலாந்தில் காற்று மாறியது. நாடாளுமன்றம் கூடியது, பியூரிட்டன்களுக்கு அங்கேயே நம்பிக்கை பிறந்தது, கப்பல்களில் ஆள் வருவது நின்றது. புதிதாக வருகிறவர்களுக்கு மாடும் தானியமும் விற்றுத்தான் பழைய குடியேறிகள் பிழைத்தார்கள். வாங்க ஆளில்லாமல் மாட்டு விலை சரிந்து விழுந்தது. கையில் காசில்லை, கடன் மட்டும் நின்றது. கடன் கொடுத்தவர்கள் இறக்குமதி வணிகர்கள். நம் வணிகர் மேல் அந்த நேரத்தில் ஊருக்கு எவ்வளவு பிரியம் இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இளைஞர் இதற்கிடையில் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராக ஆதாரம் தேடினார். வணிகரின் சாட்சிகளில் ஒருவரை, மாசசூசெட்ஸிலேயே உள்ள சேலம் என்ற ஊரின் நீதிமன்றத்துக்கு வரவைத்து, முன்பு பொய்ச்சத்தியம் செய்தேன் என்று ஒப்புக்கொள்ள வைத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு, மறுவிசாரணை கேட்டுப் பெண்ணின் தரப்பில் பொது மன்றத்துக்கு மனுப் போட்டார். மன்றம் ஏற்றது.

இந்த முடிவு சரிதான் என்பேன். சத்தியம் செய்து சொன்ன சாட்சி கலைந்தபின், பழைய தீர்ப்பை அப்படியே நிற்கவிட்டால் ஊர் நம்பியிருக்காது.

## 1642: ஏழு நாள்

மன்றத்தில் ஒன்பது மாஜிஸ்திரேட்டுகள், 30 பிரதிநிதிகள். இருபுறமும் சாட்சிகள் ஒருவரை ஒருவர் மறுத்தார்கள். வின்த்ரோப்பின் வாதம் சட்ட நோக்கில் கூர்மையானது. பெண் தரப்புச் சாட்சிகள் எல்லோரும் உண்மையே சொல்லியிருந்தாலும், அந்தப் பன்றி அவருடையதாக இருக்கலாம் என்ற அளவுக்குத்தான் அது போகும். வணிகரின் சாட்சிகள் சொன்னது உண்மை என்றால், அது அவருடைய பன்றியாக இருக்கவே முடியாது. அப்படியும் ஐயம் இருந்தால், பொருளை வைத்திருப்பவர் பக்கம்தான் சட்டம் சாய வேண்டும்.

இன்னொரு சிக்கல் சத்தியம். பெண், தன் பன்றியின் அடையாளங்களைப் பற்றிச் சத்தியம் செய்ய அனுமதிக்கப்பட்டார். வணிகருக்கும் அவர் மனைவிக்கும் அந்த அனுமதி மறுக்கப்பட்டது. காட்டன் எழுந்து, அயலான் பொருளின்மேல் கைவைக்கவில்லை என்று சத்தியம் செய்யலாம் என்ற மோசேயின் விதியைச் சுட்டினார். யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில், ஒருவரிடம் ஒப்படைத்த விலங்கைப் பற்றிய இடம் அது. மன்றம் கேட்கவில்லை. கணவனும் மனைவியும் கடவுள் முன்னிலையில் தாங்கள் குற்றமற்றவர்கள் என்று வாயால் மட்டும் அறிவித்தார்கள்.

வாக்கு இப்படி விழுந்தது. பெண்ணுக்கு: மாஜிஸ்திரேட்டுகளில் இருவர், பிரதிநிதிகளில் 15 பேர். வணிகருக்கு: மாஜிஸ்திரேட்டுகளில் ஏழு பேர், பிரதிநிதிகளில் எட்டுப் பேர். மீதி ஏழு பிரதிநிதிகள் முடிவு சொல்ல முடியவில்லை என்று நின்றார்கள். இரண்டு தரப்புக்கும் இரண்டு பெரும்பான்மைகள் அமையவில்லை. வழக்கு தீர்ப்பின்றி நின்றது.

வணிகர் கடுமையான வியாபாரி என்ற பேரும், மன்றத்திலும் சபையிலும் முன்பு வாங்கிய கண்டிப்பும் பலர் மனத்தை அவருக்கு எதிராகத் திருப்பின என்று வின்த்ரோப் எழுதுகிறார். செத்த ஈ பரிமளத் தைலத்தைக் கெடுத்துவிடும் என்று பைபிளின் பிரசங்கி புத்தகத்தில் வரும் வரியை அங்கே நினைவுகூர்கிறார். ஆணி விலையில் வந்த தவறு, பன்றி வழக்கில் ஆதாரம் ஆனது. உரிமைகளின் தொகுப்பு ஏற்கப்பட்டு ஓராண்டுகூட ஆகவில்லை. சபைத் தண்டனை ஒருவரைப் பதவியிலிருந்து இறக்காது என்று அதில் எழுதியிருந்தது. சபைத் தண்டனை ஒருவருடைய சொல்லின் மதிப்பைக் குறைக்காது என்று யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் கேட்டிருப்பார்களா என்று சொல்ல முடியாது. ஒருவர் இதயம் எப்படிப்பட்டது என்பதைப் பொதுவில் எடைபோட்டுத்தான் அவரை உறுப்பினர் ஆக்குகிறார்கள், உறுப்பினரான பின்தான் வாக்கே தருகிறார்கள். அதே மனிதர்கள் நீதிபதியாக உட்காரும்போது மட்டும் அந்த எடைக்கல்லைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பது எளிதில் நடக்கிற காரியம் இல்லை.

## மறுப்புரிமைமேல் விழுந்த பழி

பெண் ஜெயிப்பார் என்றே ஊர் எதிர்பார்த்திருந்தது. அது நடக்காதபோது கோபம் மாஜிஸ்திரேட்டுகள்மேல் திரும்பியது. ஏழைப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்காமல் ஏழு பேர் தடுத்துவிட்டார்கள், அவர்களை இறக்க வேண்டும், மறுப்புரிமையை ஒழிக்க வேண்டும் என்று பேச்சு கிளம்பியது.

எண்களைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தால் இந்தப் பேச்சு முழுக்கச் சரியில்லை என்று தெரியும். மறுப்புரிமையே இல்லாமல் எல்லோரையும் ஒன்றாக எண்ணினால், பெண்ணுக்கு 17, வணிகருக்கு 15. மொத்தம் 39 பேரில் 17 பெரும்பான்மை ஆகாது, 20 வேண்டும். பிரதிநிதிகளை மட்டும் எடுத்தாலும் 30க்கு 15 சரிபாதிதான். அந்த ஏழு பேரின் தயக்கமும் சேர்ந்துதான் தீர்ப்பைத் தடுத்தது. இதை அன்றைக்கே பொறுமையாக ஊராருக்கு விளக்கியிருக்கலாம். வின்த்ரோப் ஒரு விளக்கம் எழுதினார், ஆனால் அதன் தொனி எரிகிற நெருப்பில் எண்ணெயானது.

அதற்குப் பிறகு வின்த்ரோப் செய்ததைக் குறிப்பிட வேண்டும். 1643இல் மாஜிஸ்திரேட்டுகளும் போதகர்களும் கூடி வழக்கை மீண்டும் அலசினார்கள். இன்னொரு விசாரணைக்குக் காரணம் இல்லை என்ற பக்கம் பெரும்பாலோர் வந்தார்கள். அதன்பின் வின்த்ரோப் மன்றத்தில் எழுந்து, பன்றி வழக்கைப் பற்றித் தான் எழுதியதன் கருத்தில் மாற்றமில்லை, ஆனால் எழுதிய விதம் தவறு என்று ஒப்புக்கொண்டார். தன்னைப் பிறர் எவ்வளவு சீண்டியிருந்தாலும் அது நிதானம் இழக்கக் காரணம் ஆகாது என்றார். ஆளுநர் ஒருவர் பதவியில் இருக்கும்போதே இப்படிச் சொல்வது எந்தக் காலத்திலும் சாதாரணமல்ல. சபையில் நின்று பாவத்தை ஒப்புக்கொள்ளும் பழக்கம் ஆட்சிக்கு நல்லது செய்த ஓர் இடமாக இதைப் பார்க்கிறேன்.

மறுப்புரிமை விவாதம் அதோடு ஓயவில்லை. அதை எடுத்துவிட்டால் வெறும் மக்களாட்சி ஆகிவிடும் என்று வின்த்ரோப் ஒரு கட்டுரையில் வாதிட்டார். அன்றைக்கு அவர் போன்றவர்கள் வாயில் 'மக்களாட்சி' பாராட்டுச் சொல் அல்ல. பிரதிநிதிகளும் விட்டுக்கொடுக்கவில்லை.

## 1644: அறை பிரிந்தது

1644 மார்ச்சில் ஒரு வழி கண்டார்கள். இனி மாஜிஸ்திரேட்டுகள் தனியே கூடுவார்கள், பிரதிநிதிகள் தனியே கூடுவார்கள். ஓர் அவை ஏற்றதை மற்றதுக்கு அனுப்பும், இரண்டும் ஒப்பினால்தான் நிறைவேறும். மாஜிஸ்திரேட்டுகளின் மறுப்புரிமை அப்படியே காப்பாற்றப்பட்டது. கூடவே பிரதிநிதிகளுக்கும் சமமான மறுப்புரிமை கண்ணுக்குத் தெரியும்படி கிடைத்தது. ஆளுநர் முன்னால் உட்கார்ந்துகொண்டு அவருக்கு எதிராகப் பேச வேண்டிய சங்கடமும் அவர்களுக்குத் தீர்ந்தது. மாசசூசெட்ஸ் சட்டமன்றம் இன்றும் இரண்டு அவைகளோடுதான் இயங்குகிறது, அதன் பெயரும் இன்றுவரை பொது மன்றம்தான்.

வணிகர் 1653இல் உயில் எழுதத் தொடங்கினார். அது 150 பக்கங்களைத் தாண்டியது. 1639இல் தனக்கு நேர்ந்தது அநீதி என்று அதில் வரிவரியாக வாதாடினார். ஆணியை வாங்கியவர் சிறியதைத் திருப்பிவிட்டுப் பெரியதை எடுத்ததால்தான் விலை கூடியது, கணக்கேட்டில் அதற்கேற்பத் திருத்தினேன் என்பது அவர் தரப்பு. அதே உயிலில், மன்றங்கள் கூடவும் நூல்கள் வைக்கவும் சந்தை நடத்தவும் ஒரு ஊர்மாளிகை கட்டப் பாஸ்டனுக்குப் பணம் விட்டுச்சென்றார். 1656இல் இறந்தார். மாளிகை எழுந்தது. தன்னைத் தண்டித்த மன்றம் உட்கார ஒரு கூரையை அவர் கொடுத்துவிட்டுப் போனார். 14 ஆண்டுகள் ஆகியும் ஆறாத ஒரு காயம் அந்தப் பக்கங்களில் தெரிகிறது. கண்ணீரோடு ஒப்புக்கொண்டதை மனம் ஏற்றுக்கொண்டது என்று சபை எடுத்துக்கொண்டது. அது அப்படி இல்லை.

## எது வேறு மாதிரி நடந்திருக்க வேண்டும்

முதல் விசாரணை நடந்த இடம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. திருட்டுப் பழி சொத்து வழக்கு. அதைச் சபை முதலில் கேட்டதால், அந்தப் பெண்ணுக்கு எதிராக முதலில் நின்றது பக்தியுள்ளவர்களின் தீர்ப்பு. அப்புறம் நீதிமன்றத்துக்குப் போவதே சபையை மீறுவதுபோல ஆனது. சபையில் வணிகரின் உறவினர் இருக்கும்போது, குறைந்தது அயலூர்ச் சபை மூப்பர்களையாவது அழைத்திருக்கலாம். சபைகள் ஒன்றுக்கொன்று ஆலோசனை கேட்கும் வழக்கம் அவர்களிடம் இருந்ததுதான்.

சத்தியத்தில் இருதரப்புக்கும் ஒரே விதி வேண்டும். இருவரும் செய்யட்டும், அல்லது இருவரும் வேண்டாம். ஒருவரை மட்டும் அனுமதித்ததால், தோற்றாலும் வென்றாலும் மற்றவர் குறை சொல்ல இடம் வைத்தார்கள்.

முன்பு வாங்கிய கண்டிப்பைப் பற்றி மன்றத் தலைவர் வாக்கெடுப்புக்கு முன்பே வெளிப்படையாகப் பேசியிருக்க வேண்டும். அது எல்லோர் மனத்திலும் இருந்தது. தன் மனச்சாய்வு அதுதான் என்று ஒருவர் ஒப்புக்கொண்டார் என்றுகூட நாட்குறிப்பில் இருக்கிறது. இருப்பது தெரிந்தும் அதன் பெயரைச் சொல்லாமல் ஏழு நாள் பன்றியின் அடையாளங்களைப் பற்றியே பேசினார்கள்.

20 பவுண்டு அவதூறுத் தீர்ப்பு வந்த அன்றே, அதைக் கைவிடும்படி வணிகரிடம் மூப்பர்கள் பேசியிருக்க வேண்டும். கடன்பட்டவர்மேல் இரக்கம் காட்டு என்று ஞாயிறுதோறும் பிரசங்கித்தவர்கள்தானே அவர்கள். அன்றைக்கு அது நடந்திருந்தால் சேலத்தில் சாட்சி தேடி யாரும் அலைந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஊருக்கு ஒரு புதிய அமைப்பு கிடைத்தது. வணிகருக்கு உயிலில் பேச இடம் கிடைத்தது. வின்த்ரோப்புக்கு நாட்குறிப்பு இருந்தது. அந்தப் பெண் தன் வாயால் சொன்னதை அவர் குரலிலேயே யாரும் முழுதாக எழுதி வைக்கவில்லை. பன்றி யாருடையது என்ற கேள்விக்கு மன்றம் கடைசிவரை பதில் சொல்லவில்லை.